பாதுகாக்கப்பட்ட தம்பதி

லிஃப்ட்காரர் பெண்கள் கழிவறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்கியா? நான்தான்."

"எந்த நான்தான்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் சீறியது. அது அவர் மனைவியின் குரல் அல்ல. லிஃப்ட்காரர் எடுத்தார் ஓட்டம்.

முன்னாள் மாணவர் விழா நடக்கும் அரங்கத்தின் பக்கவாட்டு வராந்தாவில் எல்லா அறைகளையும் திறந்து பார்த்தாகிவிட்டது. ஒன்றில் ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒன்றில் துணைவேந்தருக்கான பழத்தட்டு. அதற்குக் காவலாக ஓர் உதவிப் பேராசிரியர். இன்னொன்றில் ஒட்டுப்பலகையில் செய்து கருங்கல் வண்ணம் அடித்த படிக்கட்டு, மேடைக்குப் போகத் தயாராக நின்றது. மனைவி எங்கும் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

அவர் போட்டிருந்த கோட்டு பல்கலைக்கழகத்தின் உபயம். யாருக்கோ தைத்தது, விரல் நுனி மட்டும்தான் வெளியே எட்டிப் பார்த்தது. மார்பில் ஒரு வெண்கல வில்லை. 'பாரம்பரியச் சின்னம். தொடாதீர்' என்று அதில் பொறித்திருந்தது. அவர் மனைவிக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. ஜோடியாக வார்த்தது.

எதிரே வந்த தொண்டர் ஒருவர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ஒரு சின்னம் கிடைச்சிருச்சு. இன்னொரு சின்னம் இன்னும் வரல. ஓவர்."

"தம்பி, என் சம்சாரத்தை எங்கயாவது பார்த்தீங்களா?"

"சின்னங்களோட நேரடியா பேசக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்றார் தொண்டர், நேரடியாக.

வராந்தாவின் கோடியில் உறவு இயக்குநர் தோன்றினார். முன்னாள் மாணவர் உறவு இயக்குநர் என்பது பதவியின் முழுப்பெயர். படித்து முடித்துப் போனவர்களின் மனதில் பல்கலைக்கழகத்தின் மீது பாசம் சுரக்கவைத்து, சுரந்த வேகத்தில் கறந்துவிடுவது அவர் வேலை. சிரித்த முகம். தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று கேள்வி.

"மேடம் எங்க?"

"வந்துடுவா சார்."

"வரலேன்னா? உங்க பொண்ணு கடைசி வருஷம்தானே?" சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. "பாரம்பரிய வாரிசுச் சலுகையில படிக்கிற ஒரே பொண்ணு. தம்பதி இருந்தாத்தானே வாரிசு? தம்பதி இல்லேன்னா அது வெறும் பொண்ணு. வெறும் பொண்ணு முழுக் கட்டணம் கட்டணும். நான் மிரட்டல சார். விதியைச் சொல்றேன்."

லிஃப்ட்காரர் மனக்கணக்குப் போட்டார். அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டுமானால் ஊரில் உள்ள கட்டடங்களெல்லாம் இன்னும் பத்து மாடி வளர்ந்து, எல்லா லிஃப்டும் ஒரே நாளில் பழுதாக வேண்டும்.

எல்லாம் அந்தப் படிக்கட்டினால் வந்த வினை.

பல்கலைக்கழகம் 'ஏறி வந்த ஏணி' என்ற பெயரில் ஒரு நிதி இயக்கம் தொடங்கிற்று. ஆய்வகக் கூரை ஒழுகுகிறது, உதவுங்கள் என்று முன்னாள் மாணவர்களைக் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. எங்கள் காலத்திலும் ஒழுகியது, நாங்கள் முன்னேறவில்லையா என்று பதில் எழுதினார்கள். கூரைக்குக் கொடுக்காதவன் நினைவுக்குக் கொடுப்பான் என்று உறவு இயக்குநர் கண்டுபிடித்தார். உடனே வளாகத்திலுள்ள பழமையைத் தேட ஆரம்பித்தார்கள்.

பழமை கிடைக்கவில்லை. முந்தைய துணைவேந்தர்கள் ஆளுக்கொரு பழைய கட்டடமாக இடித்து வாகன நிறுத்தம் கட்டியிருந்தார்கள். கடைசியில் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கருங்கல் படிக்கட்டு அகப்பட்டது. அதன் மேலே இருந்த கட்டடத்தை இடித்த ஒப்பந்தக்காரர், ஒப்பந்தத்தில் படிக்கட்டு என்ற சொல் இல்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏறினால் மேலே ஒன்றுமில்லை. வானம்.

"பிரமாதம்!" என்றாராம் துணைவேந்தர். "உயர்கல்விக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உண்டா?"

சின்னம் வந்ததும் அதற்கொரு கதை வேண்டியிருந்தது. முன்னாள் மாணவர் பட்டியலைக் கணினியில் போட்டுச் சலித்தார்கள். ஒரே காலத்தில் படித்து இப்போது ஒரே முகவரியில் வசிக்கும் இருவர் அகப்பட்டார்கள். இயந்திரவியல் படித்துவிட்டு லிஃப்ட் பழுது பார்க்கும் ஓர் ஆள்; உயிர்வேதியியல் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

உறவு இயக்குநர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் படிக்கட்டுலதான் நீங்க ரெண்டு பேரும் முதல் முதலா சந்திச்சுக்கிட்டீங்க."

"இல்லயே சார். எங்களுது பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம். படிக்கிறப்போ நான் இவளைப் பார்த்ததே இல்ல. அவ வேற கட்டடம், நான் வேற கட்டடம்."

"பார்க்கலைங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா?"

லிஃப்ட்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மகளின் கட்டணச் சலுகை என்ற பேச்சு வந்ததும் லிஃப்ட்காரரும் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதமே படிக்கட்டில் பலகை ஏறியது. மழை நாள், ஒரே குடை, இரண்டு இதயங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அத்தோடு விட்டிருந்தால் தேவலை. சின்னம் என்று அறிவித்தபின் அதைப் பாதுகாக்க வேண்டுமல்லவா? பாதுகாப்புக் குழு என்று ஒன்று கிளம்பியது. அறிவிக்கப்பட்ட சின்னத்தில் குழுவின் அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது விதி. லிஃப்ட்காரர் ஒருநாள் மீசையை எடுத்துவிட்டார். முகப்பை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு ஆள் வந்தது. அவர் மனைவி தலைக்குச் சாயம் பூசக் கேட்டாள். மூல வண்ணம் எது என்று தீர்மானிக்க மூன்று பேராசிரியர்கள் அவள் தலையைச் சுற்றி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வேன் நிறைய முன்னாள் மாணவர்கள் வீட்டுக்கு வந்து, தம்பதி காபி குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இயல்பா இருங்க" என்று வழிகாட்டி சொல்வார். இயல்பாக இருந்தால் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அதனால் நடிக்க வேண்டியிருந்தது.

"சர்க்கரை போதுமா?" என்பார் லிஃப்ட்காரர், வேனைப் பார்த்து.

"போதும்ங்க" என்பாள் மனைவி, ஜன்னலைப் பார்த்து.

வேன் போனதும் அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கோ ஒரு லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கே அவர் நம்பர் மனப்பாடம். அவள் கூப்பிட்டால் மட்டும் "வேலையா இருக்கேன், அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வந்ததில்லை.

குழுவிலிருந்து புராதனப் பொறியாளர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். கையில் சிறு சுத்தியல். சோபாவில் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை நாடாவால் அளந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா சிரிச்சது எப்போ?"

லிஃப்ட்காரர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"அவர் யோசிச்சு முடிக்கட்டும், நான் துணி காயப் போட்டுட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்து போனாள்.

பொறியாளர் தன் அறிக்கையைக் குழுவில் வாசித்தார். அடித்தளம் உறுதி. மேற்பூச்சு உதிர்கிறது. நடுவில் விரிசல். வெளியே தெரியாதவாறு பூசிவிட்டால் நிதி இயக்கம் முடியும்வரை தாங்கும். அதற்குமேல் பொறுப்பல்ல.

பூச முடியவில்லை. ஒருநாள் லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அடிதடி இல்லை, அழுகை இல்லை. போனில் சொன்னாள்: "பலகை வைக்கிறதுக்கு முன்னாடியே நாம சின்னமாத்தாங்க இருந்தோம். சும்மா நிக்கிறது. மத்தவங்க பார்க்கிறது. வெளியூர் கிளைக்கு மாத்தல் கேட்டிருக்கேன். கிடைச்சதும் போறேன்."

மாற்றல் கிடைத்துவிட்டது. இன்று இரவு பேருந்து.

சேதி தெரிந்ததும் உறவு இயக்குநர் பதறவே இல்லை. "பிரியறது உங்க சொந்த விஷயம் சார். அதுல நாங்க தலையிட மாட்டோம். சேர்ந்திருக்கிறதுதான் எங்க விஷயம்" என்றார். நாடகத் துறையில் ஒரு விரிவுரையாளர் அம்மா இருக்கிறார், உயரம் பொருந்தும், தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டார்.

இப்போது வராந்தாவில் நின்று லிஃப்ட்காரர் சகலைக்குப் போன் போட்டார்.

"அண்ணி அப்பவே பெட்டியோட கிளம்பிட்டாங்களே சகலை! அங்க வரலியா?"

பெட்டியோடு. பேருந்து நிலையத்துக்கே போய்விட்டாளா? வைத்த உடனே போன் மறுபடி அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா இங்கதான் இருக்காங்க. நிஜப் படிக்கட்டுகிட்ட."

"அப்பாடா! இதோ வரேன்மா."

"இருங்கப்பா, ஒண்ணு சொல்லிடறேன். எனக்காக அம்மாவைக் கூப்பிடாதீங்க. சலுகை போனா போகட்டும். ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு வந்து முடிச்சுக்கிறேன். உங்களுக்கு வேணும்னா கூப்பிடுங்க. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்று ஓடிக்கொண்டே சொன்னார். புரியவில்லை.

படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெட்டி. காவலாளி ஒருவர் தூரத்திலிருந்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். சின்னத்தின் மீது உட்காரக் கூடாதாம். அவள் வில்லையைத் தூக்கிக் காட்டினாள். சின்னத்தின் மீது சின்னம் உட்காரலாமா என்பதற்கு விதி இல்லாததால் விசில் நின்றது.

"ஏன் போன் எடுக்கல?"

"பெட்டிக்குள்ள இருக்கு."

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"நீங்க?"

"நானும்தான். எங்கெல்லாம் தேடறது?"

"எதுக்குத் தேடினீங்க?"

லிஃப்ட்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பொண்ணோட கடைசி வருஷம் இருக்கே..."

எதிர்பார்த்த பரிசோதனை முடிவு வந்ததுபோல அவள் தலையசைத்தாள். "சரி. அதுக்குத்தான் வந்தேன். முடிச்சுட்டு நேரா பஸ் ஸ்டாண்டு. இதை ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு தோணிச்சு."

"இதுல என்ன இருக்கு பார்க்க? மேலே ஒண்ணுமே இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அரங்கத்தில் துணைவேந்தர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம நூலகம் ஒரு தடவை தீப்பிடிச்சது. யாராவது அழுதாங்களா? இல்ல. ஏன்னா அதுக்கு யார் பேரும் வைக்கல. இப்போ ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு குடும்பத்தோட பேர் வச்சிருக்கோம். இன்னிக்குத் தீப்பிடிச்சா அத்தனை குடும்பமும் கதறும். இதுதான் வளர்ச்சி!"

கைதட்டல்.

"புத்தகம் எங்கேன்னு சிலர் கேட்கறாங்க. பேர் வச்சிருக்கோம், புத்தகம் தானா வரும். தேர்வு மண்டபத்தோட அமைதியைக்கூட ஒலிபெருக்கி தயாரிக்கிற நம்ம முன்னாள் மாணவர் ஒருத்தர் தன் பேர்ல எடுத்திருக்கார். அமைதிக்கே ஆள் கிடைச்சாச்சு. இனி எதுக்குக் கிடைக்காது? நாளைக்கு ஒழுகற கூரைக்கும் பேர் வைப்போம். கூரையை மாத்த மாட்டோம். மாத்தினா பேர் போயிடும்!"

பலத்த கைதட்டல். அடுத்து, பாரம்பரியப் படிகள் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆண்டு மாணவர்கள் தத்தெடுத்த விவரத்தை வாசித்தார்கள். மூன்றாம் படிக்குத்தான் கடும் போட்டியாம். அதில்தான் குடை விரிந்ததாகப் பலகை சொல்கிறது.

திரை விலகியது. ஒட்டுப்பலகைப் படிக்கட்டில் தம்பதி கைகோத்து ஏறினார்கள். அவள் கை சில்லென்று இருந்தது. கடைசியாக இந்தக் கையை எப்போது பிடித்தோம் என்று லிஃப்ட்காரர் யோசித்தார். போன ஞாயிறு வேனுக்கு முந்திய ஞாயிறு வேன்.

அவருக்கு மைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "அன்னிக்கு நல்ல மழை. எங்கிட்ட குடை இருந்துச்சு. இவங்ககிட்ட இல்ல..." முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக் மனைவியிடம் போனது. சிரித்துக்கொண்டே 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். அவள் வசனம் அவ்வளவுதான்.

"மழை பெய்யல" என்றாள் அவள். "நல்ல வெயில்."

அரங்கம் சிரித்தது. உறவு இயக்குநரும் சிரித்தார், அவர் எப்போதும் சிரிப்பவர்.

"குடையும் இல்ல. பரீட்சை நெருங்கிட்டு இருந்த நேரம். அந்தப் படிக்கட்டுல மூணாவது படி உடைஞ்சு ஆடிட்டு இருந்துச்சு. இவர் அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். வர்றவங்க போறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் 'பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க'ன்னு சொல்லிட்டே இருந்தார். கிளாஸுக்குப் போகல, சாப்பிடப் போகல. நான் ஏறிப் போறப்போ சொன்னார். சாயங்காலம் இறங்கி வர்றேன், அப்பவும் அங்கயே உட்கார்ந்திருக்கார். அப்பவும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவே இல்ல. என் காலைத்தான் பார்த்தார். விழுந்துடக் கூடாதேன்னு."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு வருடமாக எதைப் பொய் என்று நினைத்து நடித்துக்கொண்டிருந்தாரோ, அது அவளுக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது.

"சில வருஷம் கழிச்சு வீட்ல ஒரு போட்டோ காட்டினாங்க. அதே ஆள். என்ன சம்பளம், எந்த ஊர், ஒண்ணும் கேட்கல. சரின்னுட்டேன். யாருன்னே தெரியாதவங்களுக்காக இப்படி நாள் பூரா உட்கார்ற மனுஷன், என்னை எப்படிப் பார்த்துப்பார்னு நினைச்சேன்."

துணைவேந்தரின் குரல் குறுக்கிட்டது.

"படி உடைஞ்சதா பதிவே இல்லையே!"

நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "மூணாம் படியா? அது நாங்க எடுத்தது! உடைஞ்ச படியையா எங்க தலையில கட்டினீங்க?"

"நல்ல படியைக் காட்டி அட்வான்ஸ் வாங்கினாங்களே!" என்றார் இன்னொருவர். பின்வரிசைகளிலிருந்து எல்லோரும் தங்கள் தங்கள் படியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். உறவு இயக்குநர் சிரித்தபடியே கையை வெட்டிக் காட்டினார். மைக் செத்தது. வாத்தியக் குழு பல்கலைக்கழகக் கீதத்தை முழு வேகத்தில் தொடங்கியது.

ஒட்டுப்பலகைப் படியின் உச்சியில் இருவர் மட்டும் நின்றார்கள். அவர்களை இப்போது கூட்டம் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்றார் அவர். கீதத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"நீங்களா ஞாபகம் வச்சுச் சொல்வீங்கன்னு இருந்தேன். நம்ம வீட்டுக்கு அந்த ஆள் வந்து கேட்டப்போ, பார்த்ததே இல்லைன்னு அடிச்சுச் சொன்னீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. இடுப்பில் செருகியிருந்த பேருந்துச் சீட்டை எடுத்து விரித்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்தப் படிக்கட்டு ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன். ஊர்ல யார் யாருக்கோ ஓடறீங்க, அதனால உள்ள எங்கயோ இருக்கார்னுதான் நம்பினேன். இருக்காரா? இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு வரேன்."

ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். மேடைக்குக் கீழே இருந்து உறவு இயக்குநர் "ஆட்டுங்க, ஆட்டுங்க" என்று தன் தலையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்கு அது பழக்கமான வேலைதான். ஒரு வருடமாகக் குடைக்கு ஆட்டிய தலை, மழைக்கு ஆட்டிய தலை. இதற்கும் ஆட்டினால் அவள் வருவாள். மகள் படிப்பாள். வீட்டில் விளக்கு எரியும்.

ஆனால் அவருக்கு இப்போது அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. அந்த வெயில், அந்தப் படி, இறங்கி ஏறிய அத்தனை செருப்புகள். எதிரே நிற்பவளின் முகத்தை அவர் முதல்தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இவள் ஒருத்திதான் இந்த மேடையில் இன்றைக்கு உண்மை பேசியவள். இவள் மேலேயும் ஒரு பலகையைக் கொண்டுபோய் அறைவதா?

அவர் அவள் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு நீ ஏறி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி அந்தப் படியில நான்தான் விழுந்திருந்தேன். கால் சுளுக்கி எழுந்திருக்க முடியல. யாராவது என் காலை மிதிச்சிடப் போறாங்கன்னுதான் எல்லாரையும் பார்த்துப் போகச் சொன்னேன்."